நான் போடாத பச்சை மஞ்சள் சட்டை

கார் நிறுத்துமிடத்தில் வைத்துத்தான் பயிற்சியாளர் டெப் எனக்கு அதைச் சொன்னார்.

மேற்கு சிட்னியில் ஒரு மைதானம். மத்தியான வெயில் இன்னும் இறங்கவில்லை. சப்பாத்துக்குள் செம்மண் புகுந்து காலுறை நிறம் மாறியிருந்தது. கையில் பாதி சூப்பிய தோடம்பழத் துண்டு. முகத்தில் பூசிய வெயில் கிறீம் வியர்வையோடு வழிந்து கண் எரிந்துகொண்டிருந்தது. அதனால் நான் அழுகிறேன் என்று டெப் நினைத்திருக்க வேண்டும். தோளில் தட்டினார்.

"நீ அணியில் இருக்கிறாய், சுகி. இப்போதைக்கு யாருக்கும் சொல்லாதே. திங்கட்கிழமை பாஸ்போர்ட்டைக் கொண்டுவா, பிரதி எடுக்க வேண்டும்."

பத்தொன்பது வயதுக்குட்பட்ட தேசிய அணி. எனக்குப் பதினேழு. பச்சை மஞ்சள் சட்டை. நான் தோடம்பழத் தோலையும் சேர்த்து விழுங்கிவிட்டேன்.

இத்தனை வாரமாக நான் வென்ற ஆட்டங்களையே எழுதிக்கொண்டிருக்கிறேன். தோற்றவற்றைக்கூட வென்ற மாதிரி எழுதக் கை பழகிவிட்டது. போன கிழமை மெல்பேர்னிலிருந்து ஒரு வாசகி ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்து, "அமெரிக்காவில எல்லாம் ஆடின பிள்ளை ஏன் ஒருநாளும் நாட்டுக்கு ஆடேல்லை?" என்று கேட்டாராம். ஆசிரியர் சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாவுக்குத்தான் இந்த வாரம்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சொஃப்ட்போல் என்பது பேஸ்போலின் தங்கை. பெயரில்தான் 'சொஃப்ட்'. பந்து பெரிது, நெற்றியில் பட்டால் நட்சத்திரம் தெரியும். எறிபவள் கையை ஒரு முழு வட்டம் சுழற்றி இடுப்புக்குப் பக்கத்தில் பந்தை விடுவாள். நான் எறிபவள். என் பிழைப்பு ஒரே ஒரு பந்தில் இருந்தது. நேராக வருவது போல வந்து, அடிக்கப் போகிறவளின் நெஞ்சுக்கு முன்னால் மேலே ஏறும். அதை எறிய விரல் வேண்டும், மணிக்கட்டு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தோள் வேண்டும்.

எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களில் அங்கிள்மார் என்னைக் கண்டால், "என்ன பிள்ளை, கிரிக்கெட்டோ?" என்று கேட்பார்கள். இல்லை என்று விளக்கினால், "ஓ, கீழ்க்கையால எறியிறது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ரோல்ஸ் எடுக்கப் போய்விடுவார்கள்.

சிங்கம் போட்ட பாஸ்போர்ட்

திங்கட்கிழமை கொண்டுபோனேன். டெப் அதைத் திறக்கவே இல்லை. அட்டையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இது இலங்கைப் பாஸ்போர்ட். உன்னிடம் அவுஸ்திரேலியப் பாஸ்போர்ட் இல்லையா?"

"நாங்கள் நிரந்தர வதிவிடம்" என்றேன். அந்த வயதில் எனக்கு இரண்டும் ஒன்றுதான். வரியும் கட்டுகிறோம், பள்ளிக்கும் போகிறோம், ஆங்கிலத்தில் கனவும் காண்கிறோம். அதற்கு மேலே ஒரு படி இருப்பது எனக்குத் தெரியாது.

டெப் மெதுவாக விளங்கப்படுத்தினார். குடியுரிமை இல்லாதவர் அந்தச் சட்டையைப் போட முடியாது. என் வயதுக்கு அப்பா, அம்மாவின் சம்மதக் கையெழுத்து வேண்டும். வேலை செய்யத் தெரிந்தவர்களைப் பிடித்து அவசரமாகச் செய்விக்கலாம், ஆறு கிழமை இருக்கிறது. "பெரிய விஷயமில்லை" என்றார். அவருக்கு என் அப்பாவைத் தெரியாது.

எண்பத்துமூன்று கலவரத்தில் கொழும்பில் எங்கள் வீட்டுக் கதவை உடைத்தவர்கள் யார், பார்த்துக்கொண்டு நின்றவர்கள் யார் என்று அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். அந்த நாட்டைவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த மனிதர், அந்த நாட்டின் சிங்கம் போட்ட பாஸ்போர்ட்டை மட்டும் கைவிட மறுத்தார். தவணை முடிய முடியக் கன்பராவில் உள்ள தூதரகத்துக்கு அனுப்பிப் புதுப்பித்தார். இதைவிடப் பெரிய விசர் உலகத்தில் உண்டா என்று நான் பின்னாளில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அவரிடம் அல்ல, குளியலறைக் கண்ணாடியிடம்.

பெட்டி பிரிக்காத வீடு

அவருடைய கணக்கு எளிமையானது. இங்கே குடியுரிமை எடுத்தால் அங்கே உள்ளது போய்விடும். அங்கே உள்ளது போனால் பிறநாட்டான். பிறநாட்டான் காங்கேசன்துறைப் பக்கம் உள்ள தன் காணிக்கு உரிமை கேட்டு வாயைத் திறக்க முடியாது. இதை அவருக்கு யார் சொன்னது என்று தெரியாது. ஹோம்புஷ் கடை வாசலில் நின்று கதைக்கும் அவருடைய கூட்டாளிகள் எல்லாருக்கும் இதே சட்டம்தான் தெரிந்திருந்தது.

காணியை, வீட்டை, ஊரையே இராணுவம் எடுத்துக்கொண்டு ஆட்களை வெளியேற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதைச் சொன்னால், "எடுத்ததைத் திருப்பிக் குடுக்கத்தானே வேணும்" என்பார்.

மெரிலேண்ட்ஸில் நாங்கள் இருந்தது வாடகை வீடு. வாங்கலாம் என்று அம்மா சொல்லும்போதெல்லாம், "நாங்கள் என்ன இங்க இருக்கவோ வந்தனாங்கள்?" என்று ஒரே பதில். ஆனால் சாமான் வாங்குவார். மலிவு விற்பனை என்றால் முதல் ஆளாய் நிற்பார். தையல் மெஷின், மேசை விசிறி, கிணற்றுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டர். எல்லாம் ஊருக்கு. பெட்டி பிரிக்காமல் கராஜில் அடுக்கி, மேலே பழைய போர்வை போட்டு மூடி வைத்திருந்தார். சிட்னியில், குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் வீட்டில், கிணற்று மோட்டர்.

அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் ஒரு பழைய மெத்தையை நிமிர்த்தி வைத்துத்தான் நான் எறிந்து பழகினேன். குறி தவறினால் மோட்டர் பெட்டியில் படும். உள்ளே குசினியிலிருந்து அப்பா, "ஊருக்குப் போற சாமான் பிள்ளை, கவனம்!" என்று கத்துவார். தோள் கவனம் என்று யாரும் கத்தியதில்லை.

டெப் அன்ரி வந்த ஞாயிறு

பயிற்சியாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அம்மாவுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் அவர் 'டெப் அன்ரி'. ஒரு ஞாயிற்றுக்கிழமை டெப் அன்ரி தானே விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

அப்பா வெளுத்த சேர்ட் போட்டு, நல்ல கதிரையை இழுத்துப் போட்டு அவரை இருத்தினார். அம்மா ரோல்ஸ் பொரித்து, தேத்தண்ணி ஊற்றி, டெப்புக்கு உறைக்குமே என்று பதறி, ஒரு கோப்பையில் சீனியும் வைத்தார். டெப் நான்கு ரோல்ஸ் சாப்பிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் எப்படி எறிகிறேன் என்று அப்பாவுக்குக் கதிரையை விட்டு எழும்பிக் காட்டினார். "இப்படி ஒரு கையை நான் பத்து வருடமாகப் பார்க்கவில்லை" என்றார். அப்பாவின் முகத்தில் பெருமை வந்ததை நான் பார்த்தேன். அதைப் பார்த்திருக்காவிட்டால் பிறகு எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

டெப் விண்ணப்பத்தை மேசையில் வைத்தார். அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

"ஷுவர், ஷுவர். வீ வில் சீ" என்றார்.

டெப் வெளியே வந்து காரில் ஏறும்போது என்னைக் கட்டிப்பிடித்தார். அவருக்கு வேலை முடிந்துவிட்டது. எங்களுக்குத் தெரியும், விருந்தாளியை முகத்துக்கு நேரே மறுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. 'பாப்பம்' என்று அப்பா சொன்னதை நான் ஆயிரம் தரம் கேட்டிருக்கிறேன். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பாப்பம், நாய்க்குட்டிக்குப் பாப்பம். ஒன்றும் நடந்ததில்லை.

ஆனாலும் ஆறு கிழமையும் நம்பினேன். அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. விண்ணப்பம் சாமித்தட்டில் விபூதிக் கிண்ணத்துக்குக் கீழே இருந்தது. தினமும் காலையில் பார்ப்பேன். கடைசிக் கிழமை அப்பாவின் கையைப் பிடித்துக் கேட்டேன்.

"அப்பா, ப்ளீஸ். ஒரு கையெழுத்துத்தானே?"

"அது ஒரு கையெழுத்து இல்லப் பிள்ளை. ஊரை எழுதிக் குடுக்கிறது" என்றார். "ஒரு பந்து விளையாட்டுக்கு ஊரை எழுதிக் குடுக்கச் சொல்லுறியோ?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கெஞ்சுகிற குரலில் சொன்னார். அம்மா குசினி வாசலில் நின்று, "விடு பிள்ளை, அப்பாவுக்குப் பிரஷர்" என்றார்.

என் பந்தைப் பிடிப்பவள் தெரேசா. மலேசியத் தமிழ்ப் பிள்ளை, பக்கத்துத் தெரு. அவளுடைய அப்பா தகுதி வந்த கிழமையே குடியுரிமை எடுத்தவர். அவள் தெரிவானாள். விமான நிலையத்தில் அந்தச் சட்டையோடு நின்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"நீ இல்லாம நான் யார் பந்தைடி பிடிக்கிறது? சொல்லுலா" என்றாள்.

சட்டை புதுத்துணி மணத்தது. என் கன்னத்தில் அதன் கழுத்துப்பட்டி உரசியது. அவ்வளவுதான் நானும் அந்தச் சட்டையும்.

தோள்

பதினெட்டானதும் நானே விண்ணப்பித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். விண்ணப்பிக்கத்தான் இருந்தேன். அதற்குள் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று என்னை எடுத்துவிட்டது. ஆடினால் படிப்பு இலவசம். முன்பு ஒரு வாரம் எழுதினேனே, மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே இருந்த அந்த ஊர்.

வேடிக்கை என்னவென்றால் அதற்கு அப்பா ஒரு சொல் மறுக்கவில்லை. "படிக்கப் போறது வேற, குடியிருக்கப் போறது வேற" என்றார். படிக்கப் போகிறவர்கள் திரும்பி வருவார்கள் அல்லவா. அவருக்குப் பிடித்த ஒரே பயணம் திரும்பி வருகிற பயணம். ஹோம்புஷ் கடை வாசலில் மகள் அமெரிக்காவில் படிக்கிறாள் என்றார். என்ன செய்து படிக்கிறாள் என்று சொல்லவில்லை.

நான்கு வருடம் கையைச் சுழற்றினேன். ஒலிபெருக்கியில் என் பெயரை நான்கு வருடமும் நான்கு விதமாகச் சொன்னார்கள். பிறகு தொழில்முறை அணி ஒன்றில் இரண்டு கோடை. தொழில்முறை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பாதி காலியான பலகை இருக்கைகள், சுட்ட சோளப்பொரி மணம், ஊர் ஊராகப் பஸ், பஸ்ஸில் முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு தூங்குகிற பெண்கள். என் ஐஸ் பை எப்போதும் வலது தோளில்.

இரண்டாவது கோடையில் கையை உயர்த்திச் சீப்பால் தலை இழுக்க முடியாமல் போனது. ஊசி போட்டார்கள். எறிந்தேன். வலி வந்ததும் மறுபடி போட்டார்கள். வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கும்போது இதைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் அம்மா அழுவார், உடனே வா என்பார், அப்பா எண்ணெய் போட்டு உருவு என்பார். எங்கள் வீட்டில் எல்லாரும் சுகம் என்றுதான் தொலைபேசியில் சொல்வது வழக்கம். ஊரிலிருந்து, செல் குண்டு விழுந்த அடுத்த நாள் எடுத்தாலும், "நாங்கள் சுகம்" என்றுதான் தொடங்குவார்கள்.

சிட்னிக்குத் திரும்பினேன். வெளிநாட்டில் இருந்த காலம் கணக்கில் சேராது என்றார்கள். மறுபடி இரண்டு வருடம் இங்கேயே இருந்து காட்டிய பிறகுதான் விண்ணப்பிக்க முடிந்தது. நகரசபை மண்டபத்தில் உறுதிமொழி எடுத்த அன்று தெரேசா மட்டும் வந்தாள். அப்பாவுக்கு அன்று வேலை இல்லை. வீட்டில் இருந்தார்.

நாட்டு அணிக்குத் தெரிவு அடுத்த மாதம். இந்த முறை பாஸ்போர்ட் இருந்தது, தெரேசா பிடிக்க இருந்தாள், வெயில்கூட அதே வெயில். என் பந்து ஏறவில்லை. நேராக வந்து நேராகவே போனது. அடிக்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை மரங்களுக்கு மேலால் அடித்தார்கள். தெரேசா எழும்பி வந்து, பந்தை என் கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். பெயர்களை வாசித்தபோது நான் கடைசிவரை நின்று கேட்டேன். பிறகு காருக்குள் இருந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வாய்விட்டு அழுதேன். பந்தை ஒருநாளும் தொடாமல் இருந்திருக்கலாம் என்று அன்று நினைத்தேன். இன்றும் சில நாள் நினைக்கிறேன்.

வீட்டில் கேட்டார்கள். "எடுக்கேல்லை" என்றேன். ஏன் என்று அப்பா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வெறும் நிலம்

வருடங்கள் போயின. நான் பள்ளியொன்றில் உடற்பயிற்சி ஆசிரியை ஆனேன். கரும்பலகையில் உயரமாக எழுத வேண்டுமென்றால் இடக்கையால் எழுதுவேன்.

பிறகு இரண்டாயிரத்து ஒன்பதின் அந்த மே மாதம் வந்தது. வன்னியில் எல்லாம் முடிந்த கிழமை. வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீங்கள் ஒவ்வொருவரும் எந்தக் கதிரையில் இருந்து எந்தத் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். அப்பா சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "கொம்பியூட்டரில மேலயிருந்து ஊரைப் பாக்கலாமாமே? காட்டு பாப்பம்" என்றார்.

செய்மதிப் படத்தைத் திறந்து கொடுத்தேன். கடற்கரையைப் பிடித்தார். றெயில் பாதை இருந்த கோட்டைப் பிடித்தார். விரலைத் திரையில் வைத்து, சந்தி, பள்ளிக்கூடம், ஒழுங்கை என்று சொல்லிக்கொண்டே போனார். ஒழுங்கை முடிந்த இடத்தில் விரல் நின்றது. கூரை இல்லை. சுவர் இல்லை. பக்கத்து வீடுகளும் இல்லை. மட்டமாக்கிய வெறும் நிலம், ஓரத்தில் நீளமான தகரக் கொட்டகைகள்.

"படம் பழசாயிருக்கும்" என்றேன்.

"இல்லப் பிள்ளை. சரியாத்தான் இருக்கு" என்றார்.

எழும்பிப் போய்ப் படுத்துவிட்டார். இரண்டு கிழமை கழித்து அம்மாவை விட்டு என்னிடம் கேட்பித்தார், தனக்கும் குடியுரிமை எடுத்துத் தரச் சொல்லி. வீடு போனது, இனி எதற்குப் பிடிவாதம் என்று நினைத்துவிட்டார் போலும் என்று நானும் அம்மாவும் கதைத்துக்கொண்டோம். கசப்பாகவும் இருந்தது. என் முழு வாழ்க்கைக்கும் அசையாத மனிதர் ஒரு படத்துக்கு அசைந்துவிட்டார்.

அதே நகரசபை மண்டபம். அப்பா கல்யாணத்துக்குப் போடும் கோட்டுப் போட்டிருந்தார். உறுதிமொழியை ஒரு சொல் விடாமல், எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். சின்னச் சாடியில் ஒரு மரக்கன்று கொடுத்தார்கள். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் பின்னால் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தார். அம்மா தெரிந்த ஒரு அன்ரியோடு கதைத்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டார்.

காருக்குப் பக்கத்தில் வந்ததும் அப்பா நின்றார்.

"பிள்ளை, இனி உன்னை எடுப்பினமோ?"

எனக்கு விளங்கவில்லை. "எதுக்கு அப்பா?"

"அந்தப் பச்சைச் சட்டைக்கு. நீ பாஸ்போர்ட் எடுத்த பிறகும் அவங்கள் உன்னை எடுக்கேல்லைத்தானே. தேப்பன் இந்த நாட்டான் இல்லை எண்டபடியாத்தான் எடுக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். நீ எனக்கு நோகக்கூடாது எண்டு சொல்லேல்லை." சாடியை மற்றக் கைக்கு மாற்றினார். "அந்த நேரம் காணி இருந்தது. என்னால ஏலாமப் போட்டுது. இப்ப நானும் எடுத்திட்டன்."

எட்டு வருடம் இந்த மனிதர் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தோளைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே இறக்கி வைத்திருப்பார்.

"அப்பா, எனக்கு முப்பத்துநாலு வயது" என்றேன்.

"அதுக்கென்ன? டெப் அன்ரியைக் கேட்டுப்பாரன். அந்தப் பேப்பரை வாங்கிக்கொண்டு வா" என்றார் அப்பா. "நான் கையெழுத்து வைக்கிறன்."